பதின்மூன்றாவது தாள்

சேசு மரி சூசை

சூசைநகர்,
முத்தையாபுரம் வழி, தூத்துக்குடி.
20-4-1975

அன்புள்ள அத்தானுக்கு,

அல்போன்சா எழுதுவது. நான் சுகம். எந்தத் துறைமுகத்தில் இருந்தாலும் நீங்களும் சுகமாக இருக்கும்படி பனிமய மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். பம்பாயில் ஒரு கப்பலை விட்டு இறங்கி ஆறாம் நாளே இன்னொரு கப்பலுக்கு, மாலுமிகளை மேய்க்கும் செராங்காக ஏறிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பம்பாய்க்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ரயிலை நிறுத்திவிட்டார்களா என்று ஸ்டேஷன் பக்கம் போனபோது விசாரித்தேன். ஓடிக்கொண்டுதான் இருக்கிறதாம்.

வீட்டுச் செய்திக்கு வருகிறேன். இறால் கம்பெனிக்குப் போகும் பெண்கள் இப்போது நம் வீட்டில் பதினோரு பேர். முதலில் மணப்பாட்டிலிருந்து என் தங்கை மகள் பிளாரன்ஸ் மட்டும் வந்தாள். பிறகு அவளோடு வேலை செய்யும் பேச்சி, பேச்சியின் ஊர்க்காரி சண்முகத்தாய் என்று ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்துவிட்டார்கள். கூடத்தில் பாய் விரித்தால் தரை தெரிவதில்லை. நாள் முழுக்க ஐஸில் கைவைத்து இறால் உரிக்கிற பிள்ளைகள். வந்ததும் சோற்றுப்பானையைத் தொட்டுக் கையைச் சூடாக்கிக்கொள்கிறார்கள். இங்கே இடமில்லை என்று சொன்னால் கம்பெனி ஷெட்டில்தான் படுக்க வேண்டும். அந்த ஷெட் கதவுக்கு வெளியே மட்டும்தான் தாழ்ப்பாள். உள்ளே கிடையாது. அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு யாரையும் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அதனால் மேலே மாடி எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஆறு அறை, முப்பது பேர் படுக்கலாம். படம் வரைகிற எஸ்றாவிடம் பிளான் போட்டு வாங்கி, கட்டட அனுமதி கொடுக்கிற ஆபீசில் மனுவும் கொடுத்தாயிற்று. வீடு உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நீங்கள் கப்பலேறும்போது அடியில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போன பன்னிரண்டு வெள்ளைத் தாளில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கப்பல்காரர் பெண்டாட்டிகள் எல்லோரிடமும் இப்படி ஒரு கட்டு இருக்கிறது என்றாலும், நீங்கள் ரொம்ப அடியில் கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்கள். அதுவரை எழுதி நிரப்ப வேண்டியிருக்கிறது. ரேஷன் கார்டு மனுவில் நம் குடும்ப வரலாறே வந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிரியமுள்ள,
அல்போன்சா


ஆண்ட்வெர்ப்
24-5-1975

அன்பு அல்போன்சாவுக்கு,

இனிகோ எழுதுவது. கடிதம் கிடைத்தது. ரயில் ஓடுவது எனக்கும் தெரியும். பம்பாயிலிருந்து வந்துபோக ஐந்து நாள் ரயிலிலேயே போய்விடும். உன்னை ஒருநாள் பார்த்துவிட்டுத் திரும்பவும் ஏறுவதில் இரண்டு பேருக்கும் கஷ்டம்தான். அப்படி நினைத்துத்தான் வரவில்லை.

இங்கே மழை. சரக்கு இறக்க ஆள் வராமல் நாலு நாளாகக் கட்டிக் கிடக்கிறோம். சும்மா இருக்கும்போது நம் முன் அறைதான் ஞாபகம் வருகிறது. வீட்டைக் கட்டி ஆறு வருஷம் ஆகிறது, அதில் நான் இருந்தது ஏழே மாதம். ஆனால் அந்தக் கிழக்கு ஜன்னலில் பதினொரு மணிக்குக் கடற்காற்று திரும்புகிற நேரம் எனக்கு மணி பார்த்ததுபோல் தெரியும். என் சாய்வு நாற்காலி அங்கேதானே கிடக்கிறது? யாரும் துணி காயப்போட எடுத்துவிடவில்லையே?

அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது நல்ல காரியம். மாடி விஷயத்தை மட்டும் நான் வந்தபிறகு பேசலாம். ஆனால் நீ கொடுத்தாயிற்று என்றே எழுதியிருக்கிறாய். சரி, பார்க்கலாம். எனக்கும் நாற்பத்தொன்பது ஆகப்போகிறது. அடுத்த வருஷக் கிறிஸ்மஸோடு கடலை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

அன்புடன்,
இனிகோ


சேசு மரி சூசை

சூசைநகர்
4-7-1975

அன்புள்ள அத்தானுக்கு,

நாற்காலி பத்திரமாக இருக்கிறது. அதன்மேல் துணி காயப்போடவில்லை. பிளாரன்சுக்குக் காய்ச்சல் வந்த வாரம் மட்டும் அவளை அதில் சாய்த்து வைத்திருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பிளான் ஆபீசிலிருந்து காசிலிங்கம் என்பவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, பாய்களை எண்ணினார், செப்டிக் டேங்கின் மூடியைத் தூக்கிப் பார்த்தார், இரண்டு பக்கச் சுவருக்கும் வேலிக்கும் நடுவே டேப் பிடித்தார். கடைசியாக மனுவை எடுத்து வைத்துக்கொண்டு, "ஏம்மா, ஓனர் எங்க?" என்றார்.

"கப்பல்ல இருக்காவ."

"எப்பம் போனாவ?"

"போன வருசம் பிப்ரவரியில."

"அதான் பாத்தேன். பிளான் வரைஞ்சது இந்த வருசம் மார்ச்சுல. கையெழுத்துக்குக் கீழ தேதி போன வருசம் பிப்ரவரி ஒம்பது. வரையாத பிளானுக்கு ஒரு வருசம் முன்னாலயே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காவளே, உங்க வீட்டுக்காரரு என்ன தீர்க்கதரிசியா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, உங்கள்மேல் கோபமும் வந்தது. கப்பல் புத்தகத்தில் எழுதுகிற மாதிரி வெள்ளைத் தாளிலும் தேதி போடும் ஆள் நீங்கள் ஒருத்தர்தான் இருப்பீர்கள். பதினோரு தாள் கொடுத்தும் ஒருத்தரும் அதைக் கவனிக்கவில்லை. இந்த மனுஷன் கவனித்துவிட்டார். கப்பல் கம்பெனி வழியாகப் பிளானின் நகலை உங்களுக்கு அனுப்பிக் கேட்பார்களாம். வந்தால் 'சம்மதம்' என்று ஒரு வரி எழுதி உடனே அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது.

பக்கத்து வீட்டு தேவபிரசாதம் அண்ணாச்சியும் வந்தார். உப்பு ஆபீசில் முப்பது வருஷம் இருந்து ரிட்டையரானவர், உங்களுக்குத் தெரியும். "தப்பா நெனைக்காதம்மா. காலம்பற அஞ்சு மணிக்கு ஜெப மணி, பொறவு குழாயடியில பதினோரு குடம், சாயங்காலம் இறால் நாத்தம். நான் அமைதிக்காவத்தான் இங்கன வந்து வீடு கட்டுனேன். இது முப்பது பேரானா நான் எங்க போவேன்? அதனால ஆபீசுக்கு ஒரு கடுதாசி எழுதியிருக்கேன். ஒளிச்சு வைக்காம உங்கிட்டயே சொல்லிட்டேன்" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. காப்பி கொடுத்து அனுப்பினேன்.

உங்கள் பிரியமுள்ள,
அல்போன்சா


மொம்பாசா
19-8-1975

அன்பு அல்போன்சாவுக்கு,

சுகம். நடுவில் பத்து நாள் கடல் மோசமாக இருந்தது. ஒரு கயிறு அறுந்து என் கையில் லேசான காயம். இப்போது ஆறிவிட்டது.

ஆபீஸ் கடிதம் எதுவும் எனக்கு இன்னும் வரவில்லை. கம்பெனித் தபால் ஒரு துறைமுகத்தை விட்டு அடுத்த துறைமுகத்துக்கு எங்களைத் துரத்திக்கொண்டே வரும். வந்தால் பார்க்கிறேன்.

தேவபிரசாதம் அண்ணாச்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அது குடித்தனக்காரர்கள் இருக்கட்டும் என்று போட்ட நகர். நானும் அதற்காகத்தான் அங்கே மனை வாங்கினேன். படிக்கட்டைக் கிழக்கு ஜன்னலை அடைத்து ஏற்றுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. முன் அறைக்குக் காற்றே வராது. யோசித்துச் செய்.

பிளாரன்சுக்குக் காய்ச்சல் விட்டதா? பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
இனிகோ


சேசு மரி சூசை

சூசைநகர்
12-10-1975

அன்புள்ள அத்தானுக்கு,

மாடிக்கு அனுமதி இல்லை என்று ஆறாம் தேதி உத்தரவு வந்தது. நான் வாசித்துவிட்டு, நம்பாமல் பங்கு சாமியாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவர் வாசித்தும் அதேதான் வந்தது.

குடியிருப்புக்கென்று ஒப்புதல் பெற்ற நகரில் முப்பது பேர் தங்கினால் அது வீடாக இருக்காது, விடுதியாகிவிடும் என்று எழுதியிருக்கிறார்கள். பக்கத்துக் காலியிடம் போதாதாம். ஆறு பேருக்குக் கட்டிய செப்டிக் டேங்க் அத்தனை பேரைத் தாங்காதாம். அக்கம்பக்கத்து ஆட்சேபணை நாலு. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. டேப் பிடித்தபோதே காசிலிங்கத்தின் முகத்தில் தெரிந்தது. இதற்கெல்லாம் வழி செய்துகொள்ளலாம் என்றும் அவர் சொல்லியிருந்தார். அறையைக் குறைக்கலாம், டேங்கைப் பெரிதாக்கலாம்.

கடைசிப் பத்தியை மட்டும் அப்படியே எழுதுகிறேன்: "மேலும், கட்டட உரிமையாளர் தமது 21-7-1975 தேதியிட்ட கடிதத்தில், மேற்படி வரைபடத்தைத் தாம் இதற்கு முன் பார்த்ததில்லை என்றும், மனுவில் கண்ட வாசகம் தம்முடையது அல்ல என்றும் தெரிவித்துள்ளார்."

ஆபீசில் போய்க் கேட்டேன். எமர்ஜென்சி வந்ததிலிருந்து அங்கே பத்து மணிக்கே ஆள் இருக்கிறது. காசிலிங்கம் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். ஏடன் தபால் முத்திரை. உங்கள் எழுத்து. கீழே தேதியும் ஊரும். மொம்பாசாவில் இருந்துகொண்டு ஆகஸ்டில் எனக்கு 'கடிதம் எதுவும் வரவில்லை' என்று எழுதினீர்களே, அது ஏடன் கடிதத்துக்கு இருபத்தொன்பது நாள் பிந்தியது.

அத்தான், படிக்கட்டு எங்கே வருகிறது என்று நான் உங்களுக்கு எழுதவே இல்லை. உங்கள் ஆகஸ்டு கடிதம் வந்த அன்றே அந்த வரியை மூன்று தரம் படித்தேன். எஸ்றா யாரிடமாவது சொல்லி உங்கள் காதுக்கு எட்டியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எனக்குக் கோபம் இருக்கிறது. அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று எனக்கு எழுதியிருக்கலாம். நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், பிறகு கேட்டிருப்பேன். ஆபீசுக்கு எழுதிவிட்டீர்கள். பதினோரு பிள்ளைகளையும் இரண்டு மாதத்துக்குள் ஆறு பேராகக் குறைக்க வேண்டும் என்றும் உத்தரவில் இருக்கிறது. ஐந்து பேரை எண்ணி ஷெட்டுக்கு அனுப்ப வேண்டும். எந்த ஐந்து பேர் என்று நீங்களே சொல்லுங்கள்.

டிசம்பர் ஐந்தாம் தேதிக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். என்னிடம் தாள் இல்லை.

அல்போன்சா


கொழும்பு
4-11-1975

அன்பு அல்போன்சாவுக்கு,

இரண்டு நாள்தான் கப்பல் இங்கே நிற்கிறது. இங்கிருந்து தோணியில் ஏறினால் விடிவதற்குள் நம் ஊர் என்று கூட இருக்கும் பையன்கள் கேலி செய்கிறார்கள். எனக்கு இறங்கவும் முகம் இல்லை.

நடந்ததை எழுதுகிறேன். ஆபீஸ் கடிதம் ஏடனில் வந்தது. கூடவே நீலத் தாளில் பிளான். என் படுக்கைமேல் விரித்துப் பார்த்தேன். எஸ்றா நன்றாக வரைகிறான். ஒவ்வொரு அறையிலும் பெயர் எழுதி, கட்டில்களைக்கூடச் சின்னச் சின்னக் கட்டமாகப் போட்டிருக்கிறான். மேலே ஆறு அறை, அறைக்கு ஐந்து கட்டில். கீழே கூடம், 'சாப்பாட்டு அறை'. பின் அறை, 'சாமான்'. முன் அறையில் 'மேற்பார்வையாளர், ஒரு கட்டில்' என்று இருந்தது.

மேற்பார்வையாளர் நீதான் என்று புரிந்தது. சரக்குப் பெட்டியை எண்ணுகிற பழக்கத்தில் கட்டில்களையும் எண்ணினேன். முப்பத்தொன்று. மறுபடியும் எண்ணினேன். அதில் ஒன்றுகூட எனக்கு இல்லை, அல்போன்சா.

பிறகுதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பிளானை நான் முன்னால் பார்த்ததில்லை, மனுவை நான் எழுதவில்லை. ஆனால் அப்படி எழுதினால் அனுமதி கிடைக்காது என்று தெரிந்தேதான் எழுதினேன். உனக்குப் பொய் சொன்னது அதன் பிறகு. தபாலில் போட்டபோது மனதுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

எந்த ஐந்து பேர் என்று கேட்டிருந்தாய். என்னால் சொல்ல முடியவில்லை. அந்த ஷெட்டுக் கதவை நீ எழுதிய நாளிலிருந்து நானும் நினைக்காமல் இல்லை.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பதின்மூன்றாவது. அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தேதி போடவில்லை, ஊரும் போடவில்லை. அப்பீலை எழுதிக்கொள். நீ அதில் எதை எழுதினாலும் அது நான் சொன்னதுதான். யாரும் என்னைக் கேட்க வேண்டாம், கேட்டால் ஆமாம் என்பேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். முடிந்தால் முன் அறையில் இன்னொரு கட்டில் போடச் சொல்.

அன்புடன்,
இனிகோ


சேசு மரி சூசை

சூசைநகர்
30-11-1975

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் பத்தாம் தேதி வந்தது. தாள் கசங்காமல் வந்தது. அதைப் பூசைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, அப்பீலுக்கு வேறு தாளில் எழுதிப் பார்த்து, காசிலிங்கத்திடம் காட்டினேன். "இதுல ஓனர் கையெழுத்து இருந்தாப் போதும்மா. அறைய நாலாக் குறைங்க, டேங்கப் பெருசாக்குங்க. மேல எடுத்துப் பேசலாம்" என்றார். ஆக, கேட்டிருந்தால் கிடைத்திருக்கலாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் மறைத்தேன் என்று ஆகக் கூடாது.

அப்பீலைப் பார்த்து உங்கள் தாளில் எழுத உட்கார்ந்தபோது பிளானையும் விரித்து வைத்துக்கொண்டேன். நீங்கள் எண்ணியது சரி. முப்பத்தொன்று. எஸ்றா அந்த அறையை வரையும்போது பக்கத்தில் நின்றது நான்தான். "இங்கன எத்தன கட்டில்க்கா?" என்று கேட்டான். "ஒண்ணு போதும்" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்தது. யோசித்திருந்தால் இரண்டு என்று சொல்லியிருப்பேனா என்று இத்தனை நாளாக என்னையே கேட்டுக்கொண்டு இருக்கிறேன். சொல்லியிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அப்படி எழுத வரவில்லை.

பத்தொன்பது வருஷத்தில் நீங்கள் கரையில் இருந்தது மூன்று வருஷத்துக்கும் குறைவு. அதற்கு உங்களைக் குற்றம் சொல்லவில்லை, அது உங்கள் பிழைப்பு. பிள்ளைகளும் இல்லை. நீங்கள் அந்த முன் அறையை நினைத்துக்கொண்டே கடலில் இருந்தீர்கள். நான் அதில் தனியாக இருந்தேன். நாற்காலியைத் துடைத்து வைப்பேன். காற்று பதினொரு மணிக்குத்தான் திரும்பும், நீங்கள் சொல்வது சரிதான். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை செய்ய ஒன்றும் இருக்காது. பிளாரன்ஸ் பெட்டியோடு வந்து நின்ற அன்றைக்குத்தான் அந்த வீட்டில் முதன்முதலாகப் பெரிய பானையில் உலை வைத்தேன்.

அதனால் அப்பீல் போடவில்லை. பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு மாடிக் கட்டடம் இருக்கிறது. முன்பு லாட்ஜாக இருந்ததால் அதற்குப் புது அனுமதி எதுவும் தேவையில்லை என்று காசிலிங்கமே விசாரித்துச் சொன்னார். அதை என் பெயரில் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். பத்திரத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். எழுத்துக் கோணல், ஆனாலும் செல்லும் என்றார்கள். நாளைக்குப் பதினோரு பேரோடும் போகிறேன். ஷெட்டிலிருந்து இன்னும் ஒன்பது பேர் வருகிறார்கள். எல்லா அறைக்கும் உள்தாழ்ப்பாள் போட்டாயிற்று, இரண்டிரண்டு.

உங்கள் வீடு நீங்கள் கட்டியபடியே இருக்கிறது. முன் அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறேன். நாற்காலியை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். சாவி தேவபிரசாதம் அண்ணாச்சியிடம். மணிச் சத்தம் இல்லாமல் எப்படி எழுந்திரிப்பேன் என்று கேட்கிறார். உங்கள்மேல் கோபம் இப்போது இல்லை, பிரியம் குறையவும் இல்லை. ஆனால் நீங்கள் வரும்போது அந்த வீட்டில் காத்திருக்க என்னால் முடியாது. கரைக்கு வந்தால் சாப்பிட வாருங்கள். ஞாயிறு பந்தி பகல் ஒரு மணிக்கு. உங்களுக்கும் இலை போடுவேன்.

இதை எந்தத் தாளில் எழுதுகிறேன் என்று இதற்குள் தெரிந்திருக்கும். அடியில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, என் கையெழுத்துப் போட இதில் இடம் இல்லை. எதை எழுதினாலும் நான் சொன்னதுதான் என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் இரண்டு வரிக்குத்தான் இடம் இருக்கிறது. ஒத்துக்கொள்ள முடிந்தால் தேதி போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

என் மனைவி அல்போன்சா, தன் பெயரில் எடுத்துள்ள கட்டடத்தில் தன் விருப்பப்படி வசித்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.

இப்படிக்கு,
இனிகோ மொராயிஸ்